மச்சுப் பலகையில் ஒரு கறுப்பு வடு

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தாள். பெயரைப் போட வேண்டாம் என்று மூன்று இடத்தில் அடிக்கோடு. கடிதத்தின் சாரம் இதுதான்:

"அக்கா, எங்கள் வீட்டு மச்சில் பலகைத் தளம். காலஞ்சென்ற என் மாமனார் தம் கையாலேயே போட்டது. அதில் நான் நெருப்புக் காயம் பண்ணிவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேலாகப் பாய் விரித்து மறைத்து வைத்திருக்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது என்ற தைரியத்தில் நாளை ஓட்டினேன். இப்போது அத்தைக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக ஆகிவிட்டது. தினம் பத்துப் படி ஏறி இறங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் இருப்பதே பதினோரு படிதான்."

படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாமியார் குணமாகி நடக்கிறாளே என்று சந்தோஷப்பட வேண்டிய பெண், ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு நெஞ்சு படபடக்க நிற்கிறாள். எத்தனை வீட்டில் இப்படி ஒரு பாய் விரிந்து கிடக்கிறதோ!

"எங்கள் வீட்டில் சிமெண்டும் மொசைக்கும்தான், மரத்தளம் ஏது?" என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்களா? கொஞ்சம் இருங்கள். ஊஞ்சல் பலகை இல்லையா? பாட்டி காலத்து மணை? சாப்பாட்டு மேஜை? கார்த்திகைக்கு அகல் வைத்துக் கரிந்த வாசல் நிலை? மரத்தில் நெருப்புப் பட்டால் எங்கே பட்டாலும் வைத்தியம் ஒன்றுதான்.

எழுத்தில் பதில் சொல்லி முடிகிற விஷயமாக இது படவில்லை. காயத்தின் ஆழம் தெரியாமல் மருந்து சொல்ல முடியுமா? எங்கள் ஊஞ்சலைப் பழுது பார்த்துக் கொடுத்த ஆசாரியை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். அவர் அறுபது வயதைத் தாண்டியவர். பேச்சு குறைவு, பையில் உளி அதிகம்.

2021-ஆம் வருஷத்திலிருந்து மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை போகிறது. இறங்கும்போது எனக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. விம்கோ என்பது ஒரு காலத்தில் அங்கே தீப்பெட்டி செய்த கம்பெனியின் பெயர். தீக்காயத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள் தீப்பெட்டி ஊரில் இறங்குகிறோம்! ஆசாரியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஆட்டோ பேசுங்கம்மா" என்றார்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் கடல்; மறு பக்கம் தொழிற்சாலை மதில்கள்; நடுவில் கண்டெய்னர் லாரிகளின் ஊர்வலம். கத்திவாக்கத்தைத் தாண்டிப் போனால், கொசஸ்தலை ஆறு கடலில் விழுகிற முகத்துவாரத்தை ஒட்டி நெட்டுக்குப்பம். கரையில் ஃபைபர் படகுகள், வலைக் குவியல்கள். சந்துக்குள் அந்த வீடு. கீழே ஒரு கூடமும் சமையலறையும். செங்குத்தான மரப்படி ஏறினால் மச்சு.

மாமனார் ஓடாவி. படகு கட்டுகிற தச்சரைக் கடற்கரையில் அப்படித்தான் சொல்வார்கள். மரப்படகு போய் ஃபைபர் வந்த பிறகு வேலை குறைந்தது. ஆனால் கை சும்மா இருக்குமா? ராயபுரத்தில் பழைய வீடு ஒன்றை இடித்தபோது, அதன் தேக்குப் பலகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வந்து 1994-இல் இந்தத் தளத்தைப் போட்டாராம். ஒரு அங்குலக் கனம். பலகைக்குப் பலகை நாக்கும் பள்ளமுமாகக் கோத்திருக்கிறது. ஆணியெல்லாம் செம்பு. ஆசாரி ஏறியதும் செருப்பில்லாத காலால் தளத்தை ஒரு முறை தடவிப் பார்த்தார். "படகுக்காரன் வேலை. தண்ணி ஊத்தினாக்கூடக் கீழே ஒழுகாது" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

அந்தப் பெண் வாசற்பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் பாயை விலக்கினாள். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாளாம்.

நடந்தது இது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சென்னையே நாலைந்து நாள் தண்ணீரிலும் இருட்டிலும் கிடந்தது. எண்ணூர்க்காரர்களுக்கு அதற்கு மேலும் ஒரு கஷ்டம். மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றிலும் முகத்துவாரத்திலும் படிந்துவிட்டது. படகிலும் வலையிலும் கறுப்புப் பசை. ஆண்கள் பகலெல்லாம் அதோடு மல்லாடிவிட்டு அலுத்துப்போய் விழுவார்கள். கீழே ஈரம் என்று இரண்டு குழந்தைகளோடு இவள் மச்சில் படுத்தாள். கரண்ட் இல்லை, கொசு பிய்த்துத் தின்கிறது. ஒரு பக்கம் கொசுவர்த்திச் சுருள். அதன் பக்கத்தில் பலகை மேலேயே மெழுகை உருக்கி நட்ட ஒரு மெழுகுவர்த்தி. கண் அசந்துவிட்டாள். கருகல் நாற்றம் அடித்து விழித்தபோது மெழுகுவர்த்தி அடி வரை எரிந்து, பலகை கனன்றுகொண்டிருந்தது. தகரத் தாங்கியிலிருந்து சரிந்த சுருளும் பலகையின் மேலேயே புகைந்து பாதியில் அணைந்திருந்தது. குடத்துத் தண்ணீரைக் கொட்டினாள். அதோடு சரி.

ஆக, ஒரே இடத்தில் இரண்டு காயம். சுருள் விழுந்த இடத்தில் பிறைச் சந்திரன் போல ஒரு பழுப்புக் கோடு. மெழுகுவர்த்தி நின்ற இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக ஒரு கறுப்புக் குழி.

"என்னென்ன செஞ்சே?" என்று ஆசாரி கேட்டார். அவள் விரல் விட்டு எண்ணினாள். எலுமிச்சம்பழம் தேய்த்தாள், சோடா மாவு போட்டாள், பிளீச்சிங் பவுடரைக் குழைத்து ஒரு ராத்திரி வைத்தாள், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தாள். குழியைச் சுற்றி ஒரு வெளிறின வளையம் வந்ததுதான் மிச்சம். கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

எப்படிப் போகும்? இந்த இடத்தில்தான் நம்மில் பல பேர் தவறுகிறோம். கரிந்த இடத்தைக் கறை என்று நினைத்து வெளுக்கப் பார்க்கிறோம். கறை என்பது மரத்தின் மேல் வேறு ஒரு பொருள் ஏறி உட்கார்வது. கரி அப்படியல்ல, மரமே கரியாகிவிட்டது. ஏறக்குறைய 300 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் மரம் மரமாக இருப்பதை விட்டுவிடும். அடுப்புக் கரியை எலுமிச்சம்பழம் போட்டு வெள்ளையாக்க முடியுமா? அதே கதைதான். கரியை எடுக்கத்தான் வேண்டும், வெளுக்க முடியாது.

ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். கடலோர வீடுகளில் மரத்தில் இருக்கும் இரும்பு ஆணி துருப்பிடித்து, அதைச் சுற்றி நீலம் கலந்த கறுப்பு படரும். பார்ப்பதற்குச் சுட்ட இடம் மாதிரியே இருக்கும். அது நிஜமான கறை. ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் போகும். ஆனால் அது விஷச் சரக்கு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். ஆசாரி கையில் விட்டுவிடுங்கள். நம் ஓடாவி செம்பாணி அடித்ததால் இந்த வீட்டில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று, கொதிக்கும் பாத்திரத்தை மேஜை மேல் வைத்தால் வெள்ளையாக ஒரு வட்டம் விழுமே, அது மரத்தைத் தொட்டதே இல்லை. பாலிஷில் ஈரப்பசை புகுந்து மங்கியது. துணியில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு, பட்டும் படாமலும் ஒரே இழுப்பாக இழுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். அழுத்தித் தேய்த்தால் பாலிஷே கையோடு வரும், ஜாக்கிரதை.

இப்போது பிறைச் சந்திரனுக்கு வருவோம். ஆசாரி உப்புத்தாளை எடுக்கவில்லை. பையிலிருந்து பழைய இழைப்புளியின் இரும்புத் தகடு ஒன்றை எடுத்தார். அதைச் செங்குத்தாகப் பிடித்து, மரத்தின் வரி ஓடும் திசையிலேயே தம் பக்கமாக மெள்ளச் சுரண்டினார். முதலில் கறுப்புப் பொடி வந்தது. பிறகு பழுப்புப் பொடி. பிறகு மெல்லிய சுருளாக நிஜ மரம் வந்தது. சுருள் வந்ததும் கை நின்றுவிட்டது. "நகத்தால அழுத்திப் பாருங்க. பொதுக்குன்னு இருந்தா இன்னும் கரி. கெட்டியா இருந்தா நிறுத்திடணும்" என்றார். லேசான பழுப்பு நிழல் கொஞ்சம் பாக்கியிருந்தது. அதையும் எடுத்துவிட வேண்டுமென்று எனக்குக் கை துறுதுறுத்தது. அவர் விடவில்லை. நிழலைத் துரத்தினால் பள்ளம் விழும்; நிழலை யாரும் பார்க்கமாட்டார்கள், பள்ளத்தைக் கால் கண்டுபிடித்துவிடும் என்பது அவர் வாதம்.

உப்புத்தாளை முதலில் போட்டால் என்ன ஆகும்? கரித்தூள் மரத்தின் கண்களுக்குள் அப்பிக்கொள்ளும். அத்தோடு கரிந்த இடம் மெத்து, சுற்றியிருப்பது கெட்டி; தாள் மெத்தான இடத்தைத்தான் அதிகம் தின்னும். சுரண்டி, தூசியைத் தட்டித் துடைத்த பிறகுதான் தாள். அதுவும் காயத்தின் மேல் மட்டுமல்ல, சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பரவலாகத் தேய்க்க வேண்டும். பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல வழி: விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள். மேலேயிருந்து தெரியாத குழியெல்லாம் நிழலாகத் தெரியும்.

பிறை அரை மணியில் போய்விட்டது. குழிதான் பாக்கி. ஆசாரி அதில் உளி முனையை விட்டுப் பார்த்தார். கால் அங்குல ஆழம். அவர் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கீழே கதவு திறந்தது. கைத்தடிச் சத்தம். பிறகு படியில் ஒன்று, இரண்டு, மூன்று. பதினோரு படியையும் நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினோம். பாயை இழுத்துப் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

கிழவி மேலே வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழியைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். என்னையும் ஆசாரியையும் பார்த்தாள். "எப்போ?" என்றாள்.

"புயல் அன்னிக்கு, அத்தே... மெழுகுவர்த்தி..."

"பசங்க பக்கத்துல படுத்திருந்துச்சா?"

"ஆமா அத்தே."

கிழவி அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டாள். புது முழங்காலை மடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. "அடிப்பாவி, அத்தனையும் பலகை, உத்தரம். பத்தியிருந்தா என்னடி ஆவறது?" என்றாளே தவிர, குழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவள் பயம் வெறும் பயமல்ல. தேக்கு எரியாது என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் உண்டு. எரியும். கெட்டி மரமாதலால் மெதுவாக எரியும், அவ்வளவுதான். மேலே பிடிக்கிற கரியே உள்மரத்துக்குக் கொஞ்ச நேரம் கவசம்போல் நிற்கும். நல்ல கனமான கெட்டி உத்தரம், தீ பிடித்த பிறகு மணிக்கு ஒன்றேகால் அங்குலம் போலத்தான் கரியும். ஆனால் மெல்லிய பலகைக்கு அந்தச் சலுகை கிடையாது. சேப்பாக்கத்துக் கலச மஹாலில் 2012 ஜனவரியில் பிடித்த தீயை மறக்க முடியுமா? பழைய மரக் கட்டுமானம் சரிந்து, தீயணைப்பு வீரர் ஒருவரின் உயிரையும் கொண்டு போயிற்று. பிறகு பொதுப்பணித் துறை சுண்ணாம்பும் தேக்குமாகப் பழைய முறையிலேயே அதைப் புதுப்பித்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அங்கே குடியேறியது. கட்டிடத்துக்கு மறு உயிர் கொடுக்கலாம்.

மருமகள் விசும்பிக்கொண்டே, "மாமா போட்ட பலகையைக் கெடுத்துட்டேனே, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." என்று இழுத்தாள். கிழவி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த டிரங்குப் பெட்டியைக் கைத்தடியால் தட்டி, "அதை நகத்துங்க" என்றாள்.

ஆசாரியும் நானும் நகர்த்தினோம். பெட்டி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, வெறும் பலகைதான். "குனிஞ்சு பாருங்க" என்றாள். ஆசாரி குனிந்தவர் நிமிரவே இல்லை. விரலால் எதையோ வருடிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் எனக்கும் தெரிந்தது. வரியோடு வரியாக ஒரு டைமண்டு வடிவ ஒட்டு. உள்ளங்கை நீளம் இருக்கும். சொன்னாலொழியக் கண்ணுக்குப் படாது.

"மச்சு போட்ட மறுவருசம். இவ புருசனுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தேய்ச்சேன். கரிப்பெட்டி மூடி திறந்து ஒரு கங்கு விழுந்துச்சு. நான் பார்க்கவே இல்ல. அவரு கடலுக்குப் போன படகு ஒண்ணைப் பழுது பார்த்துட்டு வந்தாரு. ஒரு வார்த்தை பேசல. ராவோட ராவா இதை வெட்டி வச்சாரு. நான் அழுதேன். 'பலகைன்னா சுடும், படகுன்னா ஒழுகும், இதுக்கு அழுவாங்களா' ன்னாரு. ஆனா நான்தான் வெக்கப்பட்டுக்கிட்டுப் பெட்டியைத் தூக்கி அது மேல வச்சேன். முப்பது வருசமா அங்கேதான் கிடக்குது."

மருமகள் பாய் போட்டாள். மாமியார் பெட்டி போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. சிரிக்கவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை.

ஆசாரிக்கு இதிலெல்லாம் சுவாரசியம் இல்லை. "பெரியவரு மிச்சப் பலகை எங்கேயாவது சொருகி வச்சிருப்பாரே?" என்று கேட்டார். தச்சனுக்குத் தச்சன் மனசு தெரியும். கூரைச் சரத்துக்கு மேலே, தூசிக்குள் இரண்டு துண்டு கிடந்தன. அதே மரம், அதே வயசு.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய பலகைக்கு ஒட்டுப் போடப் புதுத் தேக்கை வாங்கி வராதீர்கள். மெள்ள வளர்ந்த பழைய மரத்தின் வரி நெருக்கமாக இருக்கும். சீக்கிரம் வளர்த்து வெட்டிய தோட்டத் தேக்கில் பெரும்பாலும் அகலம். என்ன சாயம் பூசினாலும் முகம் வேறு என்று காட்டிக்கொடுத்துவிடும். பழைய சென்னை வீடுகளில் பர்மாத் தேக்குக்கு இருந்த மவுசு உங்களுக்குத் தெரியும். அந்த மரத்துக்காகவே ஒரு ராஜ்யம் போனது. பம்பாய் பர்மா மரக் கம்பெனியோடு வந்த தகராறைச் சாக்காக வைத்து 1885-இல் ஆங்கிலேயர் மாண்டலே மேல் படையெடுத்தார்கள். தீபா அரசரைக் குடும்பத்தோடு ரத்னகிரிக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1916-இல் அங்கேயே அவர் காலமானார். இப்போது அந்த நாட்டிலிருந்து தேக்கு முழு மரமாக வெளியே போவதற்கு 2014 முதல் தடை. ஆகையால் வீட்டில் பழைய பலகைத் துண்டு கிடந்தால் வெந்நீர் அடுப்புக்குப் போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். துண்டே கிடைக்காவிட்டால், கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் என்று கண்ணில் படாத இடத்துப் பலகையை எடுத்து முன்னுக்குப் போட்டு, புது மரத்தை மறைவிடத்துக்கு அனுப்பலாம்.

ஒட்டுப் போட்ட விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாமாக இருந்தால் முதலில் குழியைச் சதுரமாக வெட்டிவிட்டு, அதற்குத் தகுந்த துண்டைத் தேடி அவதிப்படுவோம். அவர் முதலில் துண்டைச் செய்தார். டைமண்டு வடிவம், நீளப் பக்கம் வரியின் திசையில். சதுரமாக வைத்தால் வரியைக் குறுக்கே வெட்டும் கோடு கண்ணைக் குத்தும். சாய்ந்த கோடு வரிகளுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். துண்டின் ஓரங்களை அடிப்பக்கம் ஒரு மயிரிழை உள்வாங்கச் சீவினார். அப்போதுதான் தட்டத் தட்ட இறுகுமாம். அதைக் குழி மேல் வைத்துச் சுற்றிலும் கத்தி முனையால் கோடு கீறினார். பிறகுதான் உளியும் கொட்டாப்புளியும். கோட்டுக்கு உட்பக்கமாகவே வெட்டி, கரியெல்லாம் போய் அடியில் நல்ல மரம் தெரியும் வரை எடுத்தார்.

பசைக்கு முன் இரண்டு முகத்தையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தார். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. துடைக்காமல் ஒட்டினால் ஒரு வருஷத்தில் பிடி விட்டுப் போகும். துண்டை வைத்துத் தட்டியபோது அது தளத்தைவிட ஒரு காகிதக் கனம் மேலே நின்றது. வேண்டுமென்றேதான். பசை காய மறுநாள் வரை விட்டு, பிறகு இழைத்துச் சமமாக்கினார். இரண்டாம் நாளும் நாங்கள் அதே தீப்பெட்டி ஊரில் இறங்கினோம் என்று சொல்லத் தேவையில்லை.

கூரையில் கிடந்த துண்டு அதே வீட்டின் காற்றைக் குடித்த துண்டு. அதுவும் ஒரு சௌகரியம். கடற்காற்று அடிக்கும் இடத்தில் ஐப்பசி, கார்த்திகையில் பலகை ஊதும். பங்குனி, சித்திரையில் சுருங்கும். வெளியிலிருந்து மரம் கொண்டுவந்தால், ஒட்டுவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் அதே அறையில் போட்டு வையுங்கள்.

"மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்துவிட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மிளகு அளவு பொத்தலுக்குப் போதும். அதுவும் அதே பலகையைத் தேய்த்து வந்த தூளாக இருக்க வேண்டும். பெரிய குழிக்கு அந்த மக்கு உதவாது. பசை காய்ந்த இடம் எண்ணெயையோ பாலிஷையோ குடிக்காது. சுற்றிலும் மரம் மின்னும்போது நடுவில் ஒரு மங்கல் திட்டு நிற்கும். மிதிபடுகிற இடத்தில் மரத்தோடு சேர்ந்து அசையாமல் நாளடைவில் விளிம்பு விடும்.

கடைசியில் மெருகு. ஓடாவி தளத்துக்கு வார்னிஷ் போடவில்லை. ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும்தான். அதனால் பழுது பார்த்த இடத்தில் மட்டும் எண்ணெய் தடவி, சுற்றியுள்ளதோடு கலந்துவிட முடிந்தது. உங்கள் பலகை வார்னிஷ் போட்டதானால் இப்படி நடுவில் திட்டாகப் பூச முடியாது, எல்லைக்கோடு தெரியும். அந்த ஒரு பலகையை ஒரு மூட்டிலிருந்து மறு மூட்டு வரை முழுக்கத் தேய்த்துப் பூசிவிட வேண்டும். ஊஞ்சலுக்கும் மேஜைக்கும் அரக்கைச் ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பிரெஞ்சு பாலிஷ் நல்லது. புதுக் கோட்டு பழைய கோட்டோடு கரைந்து சேர்ந்துகொள்ளும்.

எண்ணெய் தோய்த்த கந்தலை ஆசாரி கசக்கிப் போடவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வாளித் தண்ணீர் கேட்டு அதில் போட்டார். காரணம் கேட்டு எனக்கே திக்கென்றது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். கந்தல் சுருண்டு கிடந்தால் சூடு உள்ளுக்குள்ளேயே தேங்கி, தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றிக்கொள்ளும்! நெருப்புக் காயத்தைச் சரிபண்ணப் போய் நெருப்பு வைத்துவிட்டு வரக் கூடாதல்லவா? தண்ணீரில் போடுங்கள், இல்லையென்றால் வெளியில் கொடியில் விரித்துக் காயவிடுங்கள். ஸ்பிரிட் பாட்டில் திறந்திருக்கும்போது சாமி விளக்குக்கூட வேண்டாம்.

ஒட்டுத் துண்டு இப்போதைக்கு ஒரு சாயல் வெளுப்பாகத்தான் தெரிகிறது. உடனே டீத் தண்ணீர், சாயம் என்று எதையும் பூசக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். புதிதாக வெட்டிய தேக்கு வெளிச்சம் படப்படத் தானே நிறம் ஏறும். பாய் கிடந்த இடமும் நீள் சதுரமாக வேறு நிறத்தில் இருக்கிறது. அதுவும் நாளடைவில் கலந்துவிடும். இனி பாய் வேண்டாம், அதுதான் மருந்து.

புது அடுக்குமாடி வீடுகளில் மரத்தளம் மாதிரி ஒன்று போடுகிறார்களே, அந்த லேமினேட் பலகைக்கு இந்த வைத்தியம் எதுவும் பலிக்காது. மேலே தெரியும் மரம் படம்தான். காகிதத்தில் அச்சடித்த படம். சுரண்டினால் படம் போய் அடியில் அட்டை தெரியும். சுட்ட பலகையைக் கழற்றி வேறு மாற்றுவதே வழி. ஆகவே தளம் போடும்போதே நாலு பலகை அதிகம் வாங்கிப் பரணில் போட்டுவிடுங்கள். மேலே நிஜ மரம் ஒட்டிய தளங்களில் அந்த மேல் மரம் எத்தனை கனம் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தேய்க்க வேண்டும். சிலவற்றில் அது நகக் கனம்கூட இருக்காது.

இரண்டாம் நாள் நாங்கள் கிளம்பும்போது கிழவி மச்சிலேயே உட்கார்ந்திருந்தாள். டிரங்குப் பெட்டி பழைய மூலைக்குத் திரும்பவில்லை. எதிர்ச் சுவரோரம் போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு இரண்டு ஒட்டையும் காட்டினாள்.

"இது ஆயா சுட்டது. அது உங்கம்மா சுட்டது."

குழந்தை இரண்டையும் உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, "அப்போ நான் எங்கே சுடணும்?" என்று கேட்டது.

மாமியாரும் மருமகளும் ஒரே சமயத்தில் அதன் காதைப் பிடித்தார்கள்.

எனக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கிடைத்தது. ஆசாரி கூலியில் பாதிதான் வாங்கிக்கொண்டார். மீதிக்குக் கூரையில் கிடந்த இரண்டாவது தேக்குத் துண்டைக் கேட்டார். கிழவி கொடுக்க மறுத்துவிட்டாள். "பேத்தி கேட்டதைக் கேட்டீங்கல்ல? இருக்கட்டும்" என்றாள்.